அலமாரிக்குப் பிடி எந்தப் பக்கம்

ஆட்டோ முக்குத் திரும்புகிற வரைக்கும் சென்னியப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்சீட்டில் பாவாத்தாளின் தலை தெரிந்தது, பக்கத்தில் துணைக்குப் போகிற எதிர்வீட்டு மல்லிகாவின் தலை தெரிந்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. கைகால் பயிற்சிக்குப் போனால் திரும்பி வர உச்சி வெயிலாகும். அதற்குள் முடிக்க வேண்டும். எப்போதும் பெண்டாட்டியோடு கூடப் போகிறவர் இன்றைக்கு வேலை இருக்கிறது என்று நின்றுகொண்டார். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை, ஒரு வாரமாகப் போர்ட்டிகோவில் அவர் பலகை அறுப்பதைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. குளியலறைச் சுவருக்குள் பதிகிற மாதிரி ஒரு துணி அலமாரி. துண்டு, நைட்டி, உள்பாவாடை, விரிப்பு, ராத்திரி படுக்கை நனைந்தால் மாற்றுகிற ரப்பர் ஷீட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். குளித்து முடித்தவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி எடுத்துக்கொள்வாள். யாரையும் கூப்பிட வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னதற்குப் பிளைவுட் கடைக்காரன் சிரித்தான். "பாத்ரூமுக்குள்ள துணி பீரோவுங்களா? ஒரே மாசத்துல பூஞ்சை புடிச்சுக் கெடக்கும், அப்புறம் என்ற பலகையத்தான் திட்டுவீங்க" என்றான். அவனுக்கு என்ன தெரியும். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் தலை நரைத்த ஆள் இவர். ஐப்பசி மழையில் மலை ஏறுகிற வண்டிக்குள் ஒரு சொட்டு இறங்காமல் கூரை போட்டவர். தண்ணீர் எப்போதும் மேலேயிருந்துதான் வரும், விட்ட இடத்தில்தான் நுழையும், நுழைந்தால் வெளியே போக வழி வைக்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் போதும். "அளவு சொல்லியாச்சு, அறுத்துக் குடு" என்றார். பேச விட்டால் அவன் பொழுதுக்கும் பேசுவான்.

குளியலறையில் அந்தக் குழி முன்பு விறகு பாய்லர் நின்ற இடம். கெய்சர் வந்ததும் பாய்லரைப் பழைய செம்புக்குப் போட்டாயிற்று, குழி மட்டும் கரியடித்த வாயைத் திறந்துகொண்டு நின்றது. உடைந்த பக்கெட்டும் தரை தேய்க்கிற பிரஷும் அதில் குடியிருந்தன. இப்போது கழுவி, சிமெண்டுப் பால் அடித்து, காய விட்டிருந்தார். அலமாரிப் பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளினார். முழங்கால் கடகடத்தது. பாதி போய் நின்றுவிட்டது. நிற்கும் என்று தெரியும், தூக்குக்குண்டு பிடிக்காமல் எழுப்பின சுவர், மேலே அரை விரல் குறுகல், கட்டின கொத்தனார் செத்தே பல வருசமாயிற்று, யாரைத் திட்டுவது. வெளியே இழுத்துச் சாய்த்துவைத்து இழைப்புளியை எடுத்தார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை. எதை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரோ அது இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் சுருளாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் காரோடு வருகிறாள். அம்மாவை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. "நீங்க ஆம்பளை, எத்தனை நாளைக்குப்பா தண்ணி ஊத்தி உடுவீங்க" என்றாள் சுகுணா போனில். "அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்குது. எங்கிட்டச் சொல்லி அழுவுது." எதுக்கு அழுவுது என்றார். "அது உங்களுக்குச் சொன்னாப் புரியாதுப்பா." சரி, புரியாது. பஸ் கட்டத் தெரிந்தவனுக்கு இது புரியாது. "அவளுக்கு இஷ்டம்னா வண்டி எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் இதுதான். நீங்களும் வாங்கப்பா என்றதற்கு, நான் எதுக்கு, இங்க ஆரு பாக்கறது என்றார். எதைப் பார்ப்பது? பூட்டிவிட்டால் வீடு தன்பாட்டுக்கு நிற்கப் போகிறது. அங்கே இரண்டு அறை, நாலாவது மாடி, ஒரு அறையில் பேரப் பிள்ளைகள், ஒரு அறையில் மகளும் மருமகனும். கூடத்தில் சோபாவைத் தள்ளிவிட்டுப் பாவாத்தாளுக்கு ஒரு கட்டில் போடலாம். இரண்டு கட்டில் போட முடியாது. அதைச் சுகுணாவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் சொல்லாமலிருப்பதில் இந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. போனை அணைத்துவிட்டுப் பாவாத்தாளைப் பார்த்தார், அவள் கட்டிலில் உட்கார்ந்து மடியில் கிடந்த வலது கையை இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள். போறியா என்றார். "சரிங்க" என்றாள். எதற்குச் சரி? போகிறேன் என்பதற்கா, போகச் சொன்னதற்கா? அந்தச் சரியை அன்றிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிடிக்க ஒரு ஓரமும் கிடைக்கவில்லை.

பெட்டி இந்தத் தடவை போயிற்று. உள்ளங்கையால் தட்டினார், சுவரோடு ஒட்டிப் பொருந்துகிற சத்தம் வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறார், சுவர் ஈரம் பலகைக்கு வராது. மேலே சரிவாக ஒரு தகடு, கெய்சர் பக்கத்திலிருந்து தெறித்தால் வழிந்து முன்னால் சொட்டிவிடும். சுற்றிலும் பஸ் ஜன்னலுக்குப் போடுகிற ரப்பர் பீடிங். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், குமிழ் நடுவில் வந்து நின்றது. டிரில்லிங் மிஷினை எடுத்து மூலைக்கொரு ஓட்டை போட்டார். சிமெண்டுத் தூள் மூக்கில் ஏறியது, அந்த வாசனையில் ஆஸ்பத்திரி ஞாபகம் ஏன் வர வேண்டும், வந்தது, ஆஸ்பத்திரியிலும் பக்கத்து வார்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தத் தூளுக்கு நடுவில் பாவாத்தாள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பின் முதல் குளியல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். நைட்டியைத் தலைவழியாகக் கழற்ற முடியாமல் வலது கை சிக்கிக்கொண்டது, அவர் இழுத்தார், அவள் வலிக்குது என்று கூடச் சொல்லவில்லை. வெளக்கை அணைச்சுட்டு ஊத்துங்க என்றாள். "இருட்டுல ஊத்தி மண்டை மேல சொம்பைப் போட்டுட்டன்னா?" என்றார். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சோப்புக்குப் பயந்த குழந்தை மாதிரி, சோப்பு எடுக்கும் முன்னாலேயே. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் வெளிச்சத்தில் அவள் புடவை மாற்றி அவர் பார்த்ததில்லை. அவளும் காட்டினதில்லை, அவரும் கேட்டதில்லை. அப்படியே மூன்று பிள்ளைகள் பிறந்து, இரண்டு தங்காமல் போய், ஒன்று தங்கியது. அவ்வளவு மூடிக்கொண்டு வாழ்ந்தவளை வெட்டவெளிச்சத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினால் கண்ணைத்தானே மூட முடியும், வேறு எதை மூட முடியும், மூடுகிற கை ஒன்றுதான் இருக்கிறது. விளக்கை அணைத்திருக்கலாம். சுவிட்சு கைக்கெட்டின தூரம். அதைவிட மோசம் துண்டு. ஊற்றி முடித்த பிறகுதான் துண்டு பீரோவில் இருப்பது ஞாபகம் வரும், தினமும், தினமும் அதே கூத்து, அவர் ஈரக்காலோடு படுக்கையறைக்கு ஓடுவார், எந்தத் தட்டு என்று தேடுவார், ஒரு நாள் பதட்டத்தில் தன் வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்து பார்த்தால் அவள் ஒற்றைக் கையால் தன்னைக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதுதான் அழுதிருக்க வேண்டும். நனைந்த முகத்தில் எது தண்ணீர் எது அழுகை என்று ஒரு மனிதன் எப்படிக் கண்டுபிடிப்பான்.

போதும். ஸ்க்ரூ முடுக்கியாயிற்று. கதவு. கதவு நேற்றே தயார், வெள்ளை மைக்கா ஒட்டி, அடியில் காற்றுப் போக வரிசையாகப் பிளவு வெட்டி, ஒவ்வொரு பிளவுக்கும் மேலே கண்ணிமை மாதிரி ஒரு சின்ன உதடு வைத்து, தண்ணீர் தெறித்தால் உள்ளே போகாது, உள்ளே இருக்கிற புழுக்கம் வெளியே வந்துவிடும். பஸ்ஸில் பேட்டரிப் பெட்டிக்கு அப்படித்தான் வெட்டுவார்கள். அவள் அதைப் போர்ட்டிகோவில் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதென்ன பஸ்ஸுங்களா? உள்ள போகோணும்னா டிக்கெட் எடுக்கோணுமா?" என்று கேட்டாள், வாய் கோணி, சொல் வழுக்கி. "பாஸ் வாங்கிக்க. மாத்துத் திறனாளிக்கு ஃப்ரீ" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். அது நிஜமான சிரிப்புதான். அந்தச் சிரிப்புக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவேதான் இருந்தது. கீலை வைத்து, பென்சிலில் கோடு போட்டு, மாட்டினார். இடது ஓரத்தில் கீல், வலது ஓரத்தில் பிடி. திறந்தார், மூடினார். காந்தம் க்ளுக் என்று பிடித்தது. நல்ல சத்தம். புதுவண்டியின் கதவைச் சாத்திப் பார்க்கும்போது முதலாளி தலையை ஆட்டுவாரே, அந்தச் சத்தம். துண்டுகளையும் நைட்டிகளையும் கொண்டுவந்து நடுத்தட்டில் அடுக்கினார், விரிப்புகளைக் கீழே, மேல் தட்டு காலி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஏதோ உறுத்தியது. என்ன உறுத்தல்? எல்லாம் சரியாக இருக்கிறது, மட்டம் சரி, ஓரம் சரி. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் உட்காருகிற இடத்தில் போட்டார். உட்கார்ந்தார். பட்டறையில் கண்டக்டர் சீட்டை முடுக்கும் முன் ஒரு ஆளை உட்கார வைத்துப் பார்ப்பது வழக்கம், படத்தில் என்ன அளவு போட்டிருந்தாலும் சரி; உட்காருகிறவன் விசில் ஊத வேண்டும், மணிக்கயிற்றை இழுக்க வேண்டும், காலை நீட்ட வேண்டும், அப்புறம்தான் ஸ்க்ரூ. உட்கார வைக்காமல் முடுக்கினவனை இவரே எத்தனை தடவை கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். உட்கார்ந்து கையை நீட்டினார், கதவு சுகமாகத் திறந்தது, துண்டு கைக்கு வந்தது. சரியாகத்தானே இருக்கிறது. துண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

வலது கை.

குழாயில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்தது. வலது கையைத் தொடைமேல் அவள் போடுகிற மாதிரி, விரல் மடங்கி உள்ளங்கை மேலே பார்க்கப் போட்டார். இடது கையை நீட்டினார். பிடி அந்தக் கோடியில் இருந்தது, உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பினால் நாற்காலிக் கால் தரையில் வழுக்கியது. எப்படியோ பிடித்து இழுத்தால் கதவு இடப்பக்கமாக வந்து அவர் முழங்கையிலேயே மோதியது. பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது. ஈர உடம்போடு, ஒரு கால் சொன்னபடி கேட்காமல், இப்படித் திரும்பினால் விழுவாள். இடுப்பு எலும்பு. அப்புறம் ஓசூர் கூட இல்லை. இடது கைக்கு ஏற்றபடி மாற்றுவது சுண்டைக்காய் விஷயம், கீலை வலது ஓரத்துக்கு மாற்ற வேண்டும், பிடியை இடது ஓரத்துக்கு மாற்ற வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸுக்கு இடப்பக்கம் படி வைத்து, இடப்பக்கம் கதவு மாட்டின ஆள் வீட்டுக்குள் வந்து வலது கைக்கு மாட்டியிருக்கிறார். மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வாரமாக அவள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, அந்த வலது கை எதிரே கிடக்க, தினமும் ராத்திரி அந்தக் கையை எடுத்து எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலாக நீவி விடுகிறவருக்கு மறதி எங்கிருந்து வரும். மறக்கவில்லை. அந்தக் கை திரும்ப வரும் என்று மாட்டியிருக்கிறார். பெரிய டாக்டர் சொன்னார், "வர்றதெல்லாம் முதல் ஆறு மாசத்துல வந்துரும்ங்கய்யா, அதுக்கப்புறம்..." என்று நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கால் வந்தது. பேச்சு முக்கால்வாசி வந்தது. ஆறு மாசம் மார்கழியோடு முடிந்துபோயிற்று. பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வரும் பாட்டி வரும் பாட்டி என்று ஒரே ராகத்தில் சொல்கிறது. இவர் நீவும்போது, நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்ல புள்ள, என்பார். அவள், ஆமாங்க, விரல் கொஞ்சம் எளகுன மாதிரி இருக்குது, என்பாள். அந்த ஒரு பேச்சில்தான் இரண்டு பேரும் ராத்திரி தூங்கப் போகிறார்கள். கீலை மாற்றினால் அந்தப் பேச்சு போய்விடும். பலகையில் எழுதி ஒட்டின மாதிரி ஆகிவிடும், உன் வலது கை அவ்வளவுதான் என்று. வந்து பார்ப்பாள். பார்த்தால் புரிந்துகொள்வாள், அவளுக்கு எதுவும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. மேலும் அது இடது கை. இடது கையால் எதையும் கொடுத்து வாங்காத ஜாதி அவள். சின்ன வயசில் சுகுணா இடது கையை நீட்டித் திருநீறு கேட்டதற்கு மணிக்கட்டில் போட்ட அடி இன்னும் இவர் காதில் கேட்கிறது. போன மாசம் மல்லிகா பழனி போய் வந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்தாள். பாவாத்தாள் இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அப்படி மேசை மேல வெச்சுரு கண்ணு, என்றாள். ஆள் வந்தால் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுகிறாள். ஆள் போன பிறகு சாப்பிடுகிறாள். இவர் இருந்தால்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான்.

இரண்டு கதவாகப் போட்டால் என்ன? நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி. எந்தக் கையாலும் திறக்கலாம், யாரும் யாருக்கும் எதுவும் சொன்னதாக ஆகாது. நல்ல யோசனை. எழுந்து அளவு டேப்பை எடுத்தார். எடுத்தவுடன் தெரிந்தது இது நல்ல யோசனை இல்லை, கோழை யோசனை; விரிப்பை எடுக்க இரண்டு கதவையும் திறக்க வேண்டும், ஒரு கைக்கு இரண்டு வேலை, அதற்கு அலமாரியே வேண்டாம். கதவே இல்லாமல் விட்டால் தண்ணீர் அடிக்கும். திரை போட்டால் ஈரத் திரை முகத்தில் ஒட்டும். கதவைத் தலைகீழாகத் திருப்பினால் கீல் தானாக அந்தப் பக்கம் போகும். பிளவெல்லாம் மேலே வந்து உதடு அண்ணாந்து பார்க்கும், தண்ணீரை வா வா என்று கூப்பிடும். எந்தப் பக்கம் போனாலும் சுற்றிச் சுற்றி அந்த வலது ஓரத்தில்தான் வந்து முட்டுகிறது. வெயில் வென்டிலேட்டர் வழியாக இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. வந்துவிடுவாள். அப்படியே விட்டுவிடலாம். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு என்ன சொல்வது, நாளைக்கும் இதே வாய்தான். வலது கைக்கு மாட்டின கதவோடு அவள் ஓசூர் போவாள், அலமாரி துண்டு அடுக்கி இங்கே நிற்கும், இவர் குளித்துவிட்டு ஆளில்லாத வீட்டில் சுகமாகக் கையை நீட்டித் துண்டெடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். யாருக்குக் கட்டினாய் என்று சுவர் கேட்காது. அந்தப் படம் கண் முன்னால் வந்ததும் ஒரு கோபம் கிளம்பியது, யார்மேல் என்று தெரியாத கோபம், திருப்புளியை எடுத்துக் கீலைக் கழற்றினார். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் சட்டைப் பைக்குப் போயிற்று. பழைய ஓட்டைகளில் தீக்குச்சியை ஒடித்துப் பசை தொட்டு அடைத்தார். வலது ஓரத்தில் கோடு போட்டு உளியை வைத்துத் தட்டினார். மரத்தில் முதல் சில்லு தெறிக்கிற வரைக்கும்தான் பயம், அதற்கப்புறம் அது வெறும் வேலை. எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கீலின் முட்டு வெளியே நிற்கிறதா. தட்டத் தட்ட மனசும் அந்த உளி நுனி அளவுக்குச் சுருங்கி வந்தது. இடது கை இருக்கிறது. இடது கை நல்ல கை. தேங்காய் துருவின கை, மாட்டுக்கயிற்றைச் சுற்றிப் பிடித்த கை, பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டே வலது கைக்கு வேலை செய்ய வழிவிட்ட கை. அதுவும் இத்தனை வருசம் உழைத்ததுதான், யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். குளியலறைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் எந்தக் கை என்று. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளட்டும். தாழ்ப்பாள் வேண்டாம், விழுந்தால் திறக்க முடியாது. சாத்திக்கொள்ளட்டும்.

பிடியையும் காந்தத்தையும் இடது ஓரத்துக்கு மாற்றி, கதவை மாட்டி, உட்கார்ந்து இடது கையால் இழுத்துப் பார்த்தபோது ஆட்டோ வந்து நின்றது. ஓரத்தில் பூசின சிலிக்கான் பசையை விரலால் வழித்துவிட்டு, சில்லுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, வெளியே வந்தார். மல்லிகா கேட்டிலேயே விடைபெற்றுக்கொண்டாள். நாலுகால் ஊன்றுகோல் தரையில் தட்டித் தட்டி வந்தது.

"முடிஞ்சுதுங்களா உங்க வண்டி?"

"ம்."

"சித்தெ காட்டுங்க பாப்போம்."

"கை கழுவீட்டு வந்து காப்பி குடி. அப்பறம் பாத்துக்கலாம்."

"கை கழுவ அங்கதானுங்க போகோணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் குளியலறைப் பக்கம் திரும்பிவிட்டாள். பின்னால் போனார். நாற்காலியில் அவளாகவே உட்கார்ந்தாள். வெள்ளைக் கதவைப் பார்த்தாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள், பிளவுகளைப் பார்த்தாள், அப்புறம் பார்வை பிடியில் போய் நின்றது. சென்னியப்பன் வாசற்காலில் சாய்ந்துகொண்டார். ஒரு பொய் தயாராக இருந்தது: சுவர் கோணல், அந்தப் பக்கம் கீல் நிற்கவில்லை. பொய் நன்றாகத்தான் இருந்தது, பாதி நிஜமும்கூட.

"பிடி எடப்பக்கம் வெச்சிருக்கீங்க."

"சுவரு..." என்றார். நிறுத்தினார். "ஆமா."

குழாய்ச் சொட்டு ஒன்று விழுந்தது. தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான்.

"அந்தக் கை வராதுங்க" என்றாள். இன்றைக்குப் பால்காரன் வரவில்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. "பொங்கல் வெச்சமே, அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்கதான் ராத்திரியானா எண்ணெயும் கையுமா வந்து பரவால்ல பரவால்லன்னு சொல்லீட்டு இருந்தீங்க. இல்லீங்கன்னு சொன்னா மனசு உட்டுருவீங்கன்னு நானும் எளகுது எளகுதுன்னு..."

"எனக்கும் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா?"

"ம்."

அவள் வாய் கோணியது. அழுகிறாளோ என்று ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "நல்ல சோடியைப் பாத்துக் கட்டி வெச்சாங்க" என்றாள். சிரிப்பு நிற்கும் முன்னாலேயே இடது கை நீண்டு பிடியைப் பிடித்தது. கதவு வந்தது. மோதவில்லை. துண்டின்மேல் கை வைத்து அமுக்கிப் பார்த்தாள், கீழே விரிப்பைத் தொட்டாள், மூடினாள். க்ளுக். மறுபடி திறந்தாள். "எண்ணெய் போடறதை நிறுத்தீராதீங்க" என்றாள். "கை வராட்டியும் அது நல்லா இருக்குது." அப்புறம், "கெய்சரைப் போட்டு பக்கெட்டுல ரொப்பி வெச்சுட்டு வெளிய போங்க. கதவைச் சாத்தீட்டுப் போங்க."

பக்கெட்டை நிரப்பினார், சொம்பை அவள் இடப்பக்கம் நகர்த்தி வைத்தார், கை விட்டுச் சூடு பார்த்தார். வெளியே வந்து சாத்தினார். மூடின கதவுக்கு முன்னால் நின்றார். அலமாரிக் கதவை விட இந்தக் கதவு மோசம், அடியில் நைந்துபோய், பெயிண்டு உரிந்து, இதை மாற்ற வேண்டும், இதற்கும் அடியில் அலுமினியத் தகடு வைக்கலாம். தண்ணீர் விழுகிற சத்தம். நைட்டியை எப்படிக் கழற்றினாள்? கழற்றியிருக்கிறாள், தண்ணீர் விழுகிறதே. ஒரு சொம்பு. நின்றது. ஏன் நின்றது. சோப்பு எடுக்கிறாள். சோப்பு வழுக்கும். சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும், நாளைக்கே. நாளைக்கு. சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு சொம்பு. க்ளுக். அலமாரி திறந்தது. மூட வேண்டும், மூடவில்லை. தொப்பென்று ஏதோ விழுந்தது. கை கதவில் பட்டுவிட்டது, தள்ளப் போனார்.

"வராதீங்க" என்றாள் உள்ளேயிருந்து. "துண்டுதான் வுழுந்துச்சு. இன்னொண்ணு இருக்குது."

கையைக் கதவிலிருந்து எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டார். உள்ளே துணி உரசுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், ஏதோ முனகல். அலமாரியைத் திட்டுகிறாளா நைட்டியைத் திட்டுகிறாளா. திட்டட்டும். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். எதற்கும் காத்திருக்கப் பிடிக்காத மனுசன் அவர், பஸ் நிலையத்தில் வண்டி தாமதமானால் நடந்தே போய்விடுகிறவர். இங்கே நிற்பது அலுக்கவில்லை. ஊன்றுகோல் தட்டியது. கதவு திறந்தது. நைட்டி ஒரு பக்கம் ஏறிக் கிடந்தது, தலையில் துண்டு கோணலாகச் சுற்றியிருந்தது, காதோரம் நுரை மிச்சம். முகம் சிவந்திருந்தது. நேராக அவரைப் பார்த்தாள்.

"முதுகுக்குக் கை எட்டலீங்க" என்றாள். "மத்தது நான் பாத்துக்கறேன். முதுகு மட்டும் நீங்க வந்து தேச்சு உட்டுட்டுப் போயிருங்க."

அவர் தலையை ஆட்டினார். "ஞாயித்துக்கெழம சுகுணா..."

"வரட்டும். வந்து ரண்டு நாள் இருந்து தின்னுட்டுப் போகட்டும். கார்ல எடம் இருந்தா அவ துணிமணியைக் கொண்டாந்து வெச்சுக்கட்டும், மேல் தட்டு காலியாத்தான கெடக்குது." ஊன்றுகோலைத் தூக்கி ஒரு அடி வைத்தாள். "அந்த நாரு பழசாயி முள்ளு முள்ளாக் குத்துது. நல்ல பீர்க்கங்கா நாரா ஒண்ணு வாங்கீட்டு வாங்க."

"இப்பவா?"

"நாளைக்குக் காலைல வேணுமில்லீங்க."

சென்னியப்பன் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடினார்.